குடைக்காரனுக்கு இன்னொரு ஆள்

ஆகஸ்ட் 10, வியாழன்

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து. யோசித்துப் பார்க்க ஆறு மாத அவகாசம். எங்கள் இருவருக்கும் ஒரே வக்கீல், தாட்சாயணி அம்மா. "சண்டை இல்லாத கேஸ். ரெண்டு வக்கீல் எதுக்கு, தண்டச் செலவு" என்றார். சண்டை போட்டதில்லை என்பது உண்மைதான். பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். போன வருஷம் சித்திரையில் சுகந்தி உறையூரில் ஒரு மாடி போர்ஷன் பார்த்துக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. சாமான் ஏற்ற நானே வண்டி பேசிக் கொடுத்தேன்.

கோர்ட் வாசலில் கேட்டாள்: "சிலிண்டர் இன்னும் என் பேர்லதான் வருதா?"

"ஆமா."

"மாத்திக்கோங்க."

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பெங்களூரிலிருந்து நாகேஷ் பை பேசினார். என்னைப் போலவே இவரும் பழைய வீடியோ கேம் கேசட் சேர்க்கிற பைத்தியம். என்ன, காசுள்ள பைத்தியம். அவருக்கு என்னிடம் இருக்கும் குடைக்காரன் வேண்டுமாம்.

குடைக்காரன் ஜப்பான்காரர்கள் செய்த ஒரு சூப்பர் ஹீரோ. அவனுடைய நிஜப் பெயர் வேறு என்னவோ. லேபிளில் இருக்கும் எழுத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. கட்டடத்தின் மேலிருந்து குதித்தால் முதுகுத்துணி குடை மாதிரி விரியும், மெதுவாக இறங்குவான். அதனால் குடைக்காரன். காலேஜ் முடித்த வருஷம் நாகப்பட்டினத்தில் ஒரு கப்பல்காரர் வீட்டில் வாங்கினேன். மஞ்சள் பிளாஸ்டிக் ஓடு, நுனி மழுங்காத லேபிள். மூன்று வருஷத்துக்கு முன்பு இதன் விலை ஏறத் தொடங்கியதும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுப் பூட்டி, பெட்டியை பீரோவில் வைத்து, பீரோவைப் பூட்டி, அறையையும் பூட்டினேன்.

நாகேஷ் பை சொன்ன விலையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது நான் ஓட்டும் ஸ்கூட்டரைப் போல நாலு வாங்கலாம். நாலு ஸ்கூட்டரில் யார் போவது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பை ஒரு நிபந்தனை போடுகிறார். குடைக்காரனுக்கு அச்சு அசலாகப் போலிகள் வந்துவிட்டனவாம். மேல் ஓடும் லேபிளும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருக்கும் சிப் மட்டும் சின்னது. நாலாம் கட்டம் முடிந்ததும் ஐந்துக்குப் போகாமல் மறுபடி முதல் கட்டத்துக்கே வந்துவிடும். மேல் ஓட்டைத் திறந்து பார்த்தால் தெரியும், ஆனால் திறந்த கேசட்டுக்குப் பாதி விலைதான். எனவே முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சாக ஆடி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நடுவில் சேமித்து வைக்கும் வசதி இதில் கிடையாது. செத்தால் மறுபடி முதலிலிருந்து.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கிற சர்வேயர் நான். எதிலும் தேய்மானம் கழித்துத்தான் பேசுவேன். அதனால் அவர் கேட்பது நியாயம் என்று புரிகிறது. சிக்கல் வேறு. குடைக்காரனில் மூன்றாம் கட்டத்திலிருந்து இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கயிற்றை இழுத்துக் கதவைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் நுழைய வேண்டும். பிறகு நுழைந்தவர் அந்தப் பக்கத்திலிருந்து தூக்கிப் பிடிக்க, மற்றவர் வர வேண்டும். தனி ஆள் அந்தக் கதவு வரைக்கும் போகலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தொடையில் சுளுக்கு.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பட்டறை வைத்திருக்கும் அந்தோணியைக் கூப்பிட்டேன். வந்தார், ஐந்து நிமிஷம் ஆடினார், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிட்டார். கீழ்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதுல நியூஸ் வருமா?" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன்.

நாற்பத்திரண்டு வயதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 9, சனி

தனியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ரிமோட் எப்போதும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 17, ஞாயிறு

மூன்றாம் கட்டக் கதவை என்னோடு சேர்ந்து தாண்டிய ஒரே ஆள் சுகந்திதான். கல்யாணமான முதல் வருஷம், ஐப்பசி மழை. வெளியே போக முடியாமல் ஒரு வாரம் இதையே ஆடினோம். நாலாம் கட்டத்தை முடித்ததில்லை. இதை முதல் நாளே நினைத்துப் பார்த்திருக்கலாம். நினைத்தேன். எழுதவில்லை.

போன் செய்தேன்.

"என்ன, சிலிண்டர் மாத்தலையா?"

"மாத்தியாச்சு. வேற விஷயம். குடைக்காரன் ஞாபகம் இருக்கா?"

"கதவைத் தூக்கிப் பிடிக்கணுமே, அதானே? இருக்கு. எதுக்கு?"

"ஒருத்தர் விலைக்குக் கேக்கிறார். கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாத்துச் சொல்லணுமாம். அதுக்கு ரெண்டு பேர் வேணும்."

"அதானே பாத்தேன்" என்றாள். எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

வந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். இந்த வீட்டின் தண்ணீர் டிரம்மை வாங்கியதே அவள்தான். வெளியாள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நான் அறையைத் திறந்து, பீரோவைத் திறந்து, பெட்டியைத் திறந்து கேசட்டை எடுக்கிற வரைக்கும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு சாவியா? பேங்க் லாக்கருக்கே ரெண்டுதான்" என்றாள்.

முதல் கட்டத்திலேயே இரண்டு முறை செத்தோம். மூன்றாவது தடவை கதவு வரை போனோம். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போங்க, போங்க, எவ்ளோ நேரம் தூக்கிட்டே நிக்கிறது" என்றாள். நான் நுழைந்தேன். அந்தப் பக்கக் கயிற்றைப் பிடிப்பதற்குள் மேலிருந்து கல் விழுந்துவிட்டது. ஆட்டம் முடிந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள். வீடியோ எதுவும் தேறவில்லை. அடுத்த வாரமும் வர வேண்டியிருக்கும். மதிப்பீட்டுக்காக.

அக்டோபர் 8, ஞாயிறு

முதலிலிருந்து ஆடி நாலாம் கட்டம் வரை போய்விட்டோம். காலையில் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி சாம்பார் வைத்தேன். ஆடுகிறவர்கள் பசியோடு இருந்தால் விரல் நடுங்கும் என்பதால். சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கே, யார் சொல்லிக் கொடுத்தா?" என்றாள். யூட்யூப் என்றேன். பள்ளிக்கூடக் கதை சொன்னாள். அங்கே அவள்தான் கெமிஸ்ட்ரி லேப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு டீச்சர் ஆசிட் பாட்டிலில் மோர் வைத்துக் குடிக்கிறாராம். நான் சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்று நாலாம் கட்டத்தில் பாதி வரை போனோம். கயிற்றைப் பிடித்தபடியே, டிவியைப் பார்த்துக்கொண்டே சுகந்தி கேட்டாள்:

"இவ்ளோ நாளும் இது வீட்டுலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"நான் ஒரு தடவை கேட்டேன், ஞாபகம் இருக்கா? மழை பெஞ்ச அன்னிக்கு. போடுங்களேன், ஆடலாம்னு."

"அப்பதான் விலை ஏற ஆரம்பிச்சிருந்துது."

கயிற்றை விட்டுவிட்டாள். கதவு என் தலையில் விழுந்தது. கை வலித்தது என்றாள்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

அவள் கரூரில், அம்மா வீட்டில். இங்கே கீழ்வீட்டுக்காரர் கொடுத்த அதிரசம் இரண்டு. மத்தியானம் பார்த்தால் ஓட்டல் எதுவும் திறக்கவில்லை. அதிரசத்தையே சாப்பிட்டேன். எல்லா வீட்டிலும் டிவி ஓடுகிற சத்தம் கேட்கிறது. நானும் போட்டு வைத்திருக்கிறேன், சத்தத்துக்காக.

நவம்பர் 26, ஞாயிறு

நாகேஷ் பை அவசரப்படுத்துகிறார். "என்ன சார், ஒரு கேம் ஆட மூணு மாசமா?" என்கிறார். அவருக்கென்ன தெரியும். நாலாம் கட்டத்தின் கடைசியில் ஒரு குழி இருக்கிறது. அதைத் தாண்டினால் ஐந்து வருமா, போலியாக இருந்து ஒன்றுக்கே திரும்பிவிடுமா என்று தெரிந்துவிடும். என் விரல் அங்கே போகும்போது மட்டும் வழுக்குகிறது.

"இன்னிக்கு மூணு தடவை அதே குழியில விழுந்தீங்க" என்றாள் சுகந்தி.

"பட்டன் பழசு. சரியா அமுங்க மாட்டேங்குது."

என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரமும் வருகிறேன் என்றாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

வரவில்லை. அரையாண்டுப் பரீட்சை, பிராக்டிகல், ஒழிவே இல்லையாம். தலையணை உறை துவைத்தேன். ஒன்றுதான் அழுக்காக இருந்தது. இரண்டையும் துவைத்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

வரவில்லை. மரக்கடைப் பக்கம் ஒரு வேனுக்கு மதிப்புப் போட்டேன். முன்பக்கம் அப்பளம். ஓட்டினவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தள்ளி நின்று தன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு சார் தேறும்?" என்று கேட்டார். சொன்னேன். விலை என்றால் எனக்கு எப்போதும் உடனே சொல்லிவிட வரும்.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று முடித்தோம்.

அவளுக்கு ஏதோ அவசரம் மாதிரி இருந்தது, அல்லது தீர்மானம். குழியருகே வந்ததும், "இந்தத் தடவை விழக் கூடாது" என்றாள், டீச்சர் குரலில். நான் விழவில்லை. திரை கறுத்தது. பிறகு நீல வானமும் ஐந்தாம் கட்டமும் வந்தன. அசல்தான். இரண்டு பேரும் மூச்சு விடாமல் ஆடினோம். கடைசிக் கோபுரத்தில் அவள் பிடிக்க நான் ஏறி, நான் பிடிக்க அவள் ஏறி, உச்சிக்குப் போனோம். குடைக்காரன் குடையை மடக்கிவிட்டு மதில் மேல் உட்கார்ந்தான், சுகந்தி ஆட்டிவைத்த உதவியாளன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜப்பான் எழுத்து ஓடியது. ஒன்றும் புரியாமல் கடைசி வரி வரைக்கும் பார்த்தோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கேமரா எல்லாவற்றையும் எடுத்திருந்தது.

திரை முதல் பக்கத்துக்கு வந்தது. சுகந்தி ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொரு தடவை ஆடலாமா? சும்மா?"

"வேணாம். போடப் போட உள்ள இருக்கிற பின்னெல்லாம் தேயும். விலை குறைஞ்சிடும்."

"இத்தனை ஞாயித்துக்கிழமை ஆடினோமே, தேயலையா?"

"அது மதிப்புப் போடறதுக்காக."

அவள் ஜாய்ஸ்டிக்கின் வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டாள். "சரி. நல்ல விலைக்குப் போகட்டும்" என்றாள். படியிறங்குகிற சத்தம் கேட்டது.

நான் சொன்னது கேசட்டைப் பற்றித்தான். நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பின் தேயத்தான் செய்யும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நாகேஷ் பை வீடியோ பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்கிறார். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாராம். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். மூன்று மணி ஆனதும் வாசல் விளக்கைத் துடைத்தேன். சாம்பார் மீந்துவிட்டது.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோர்ட். நீதிபதி தன் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தாட்சாயணி அம்மாவும் டைப்பிஸ்டும் உள்ளே இருந்தார்கள். முதலில் நான்.

"ஆறு மாசம் யோசிச்சீங்களா? உங்க விருப்பம் என்ன?"

"அவங்க விருப்பம் எப்படியோ அப்படியே, ஐயா."

"அப்ப சம்மதம்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்கலாம்."

மரியாதையாகப் பேசிவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு. அவள் விருப்பத்துக்குக் குறுக்கே நான் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். பிறகு சுகந்தி உள்ளே போனாள், சீக்கிரமே வந்தாள், என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை தீர்ப்பு.

வராந்தாவில் தாட்சாயணி அம்மா கேட்டார்: "ஏங்க, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அவங்களும் வார்த்தை மாறாம அதையேதான் சொன்னாங்க. 'அவர் விருப்பம் எப்படியோ அப்படியே'ன்னு. டைப்பிஸ்ட் உங்களுக்கு அடிச்சதையே பேரை மாத்தி வச்சுக்கிட்டாரு." சிரித்துக்கொண்டே அடுத்த கேஸுக்குப் போனார்.

பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன்.

பிப்ரவரி 14, புதன்

வேலைக்குப் போகவில்லை. யாருடைய விருப்பத்தின் பேரில் நாங்கள் பிரிகிறோம்? அவளுடையது என்று நான் சொன்னேன். என்னுடையது என்று அவள் சொன்னாள். இருவருக்கும் இல்லாத ஒரு விருப்பத்துக்கு வெள்ளிக்கிழமை முத்திரை குத்தப் போகிறார்கள். அல்லது அவள் நிஜமாகவே அலுத்துப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதுவும் நடக்கக் கூடியதுதான். தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும்.

எனக்கு அவள் வேண்டும். எழுதிவிட்டேன். இத்தனை மாதம் சாம்பார் பற்றியெல்லாம் எழுதினேன், இதை எழுதவில்லை.

சாயங்காலம் உறையூர் போனேன். மாடியில் விளக்கு எரிந்தது, முதல் படியில் அவள் செருப்பு இருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று கீழே நின்று யோசித்தேன். பக்கத்துக் கடைக்காரர், "என்ன சார் வேணும்?" என்று கேட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். என்னைப் போன்ற கோழை இந்தத் திருச்சியில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

நாகேஷ் பை போன் செய்தார். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். அது மட்டும் சுலபமாக இருந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹால் நிறைய ஆட்கள். நீதிபதி காகிதத்தை எடுத்தார். நான் எழுந்து நின்றேன். தாட்சாயணி அம்மா, "உக்காருங்க, ஒண்ணும் பேச வேண்டியதில்ல" என்று முணுமுணுத்தார்.

"ஐயா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்கு இதுல விருப்பம் இல்ல. எனக்கு அவங்க வேணும்."

டைப்பிஸ்ட் கையை எடுத்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்குச் சொல்ல வரலைங்க, ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. நீதிபதி சுகந்தியைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் யோசிக்கணும், ஐயா."

"ஆறு மாசம் யோசிக்கத்தானேம்மா கொடுத்தோம்?"

"ஆறு மாசமும் இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே, ஐயா."

நீதிபதி காகிதத்தைக் கீழே வைத்து ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார். தாட்சாயணி அம்மா என்னை முறைத்தார். வெளியே வருவதற்குள் சுகந்தி ஆட்டோவில் ஏறிவிட்டாள். முகத்தைத் துடைத்தது மட்டும் தெரிந்தது. என்ன யோசிப்பாள், என்ன சொல்வாள், ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் அவ்வளவு சீக்கிரம் கோர்ட்டுக்கு வந்திருந்தாள், சாப்பிட்டிருப்பாளா என்று இப்போதுதான் தோன்றுகிறது. கேட்கவில்லை. மணி இரண்டாகப் போகிறது. போன் செய்து கேட்கிறேன்.